ஓமவல்லியின் வேண்டுதல்

குளியலறைப் பின்சுவரை ஒட்டி, ஓட்டை வாளி ஒன்றில் ஓமவல்லிச் செடி ஒன்று இருந்தது. மகன் இருமினால்தான் வீட்டுக்காரி செல்வநாயகிக்கு அதன் ஞாபகம் வரும். ஓடி வந்து நாலு இலை கிள்ளுவாள். அங்கேயே கழுவி, அந்தத் தண்ணீரை வாளியிலேயே ஊற்றிவிட்டுப் போவாள். அப்புறம் மிளகு தட்டிப் போட்டு, கருப்பட்டியோடு கொதிக்கவைத்துக் கொடுப்பாள். பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு அசந்து தூங்குவான். அதோடு செடியை மறந்துவிடுவார்கள்.

இந்தக் கோடையில் பையனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. வாளியில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

சுவர்மேல் போன அணில் நின்று கேட்டது. "என்ன முணுமுணுக்கிற?"

"சாமி கும்பிடுறேன். அந்தப் பிள்ளைக்குச் சளி பிடிக்கணும்."

அணிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடிப்பாவி, நீ மருந்துச் செடிதானே?"

"மருந்துதான். எனக்கும் தாகம் எடுக்குமே."

சாயங்காலம் வீட்டுக்குள் பையன் ஒரு தடவை இருமினான். ஓமவல்லி வதங்கிய இலைகளை மெல்ல நிமிர்த்தியது. ஒற்றை இருமலுக்கு யாரும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். அடுத்த இருமலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.