முந்திக்கொண்ட எதிரொலி

"எங்க வினோதினி படிச்ச காலேஜ் வராந்தாவுல, நாம கூப்பிடறதுக்கு முன்னாடியே எதிரொலி வந்துடும்" என்றார் ரிட்டயர்டு குமாஸ்தா அப்பாதுரை.

மகனுக்குப் பெண் பார்க்கக் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த பச்சையம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. காலையிலிருந்து வாடகை அம்பாசிடரில் திருவண்ணாமலையைச் சுற்றிக்காட்டுகிறேன் பேர்வழி என்று மனிதர் சரடாக விட்டுக்கொண்டிருந்தார். ராஜகோபுரத்தின் உச்சியில் நின்றுகொண்டு மெட்ராஸ் கடலில் கால் நனைத்தாராம்!

"அளக்கறது ரொம்ப ஜாஸ்திங்கண்ணே. இதுவும் பொய்யின்னா, சம்பந்தத்தை மறந்துடுங்க."

பின்சீட்டில் இருந்த மகள் வினோதினியின் முகம் வாடியது. எதிரொலிக் கதையை அப்பாதுரை அன்று காலை இட்லி தின்னும்போதுதான் உற்பத்தி செய்திருந்தார். ஆனாலும் குஷி குறையவில்லை. "வா தங்கச்சி, காட்டறேன்!"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் நீண்ட வராந்தாவில் ஆளே இல்லை. பச்சையம்மாள் வாய் நிறைய வெற்றிலையோடு நின்றாள். அப்பாதுரை கூப்பிட மூச்சை இழுத்தார். அதற்குள் வராந்தாவின் கோடியிலிருந்து ஒரு பெண்குரல் கணீரென்று வந்தது.

"பொண்ணு புடிச்சிருக்கு. தை மாசமே வெச்சுக்கலாம்."

எல்லோரும் பச்சையம்மாளைப் பார்த்தார்கள். அவள் வெளியே ஓடித் துப்பிவிட்டு வந்தாள்.

"ஒத்துக்கறேன் சம்பந்தி. அது என் குரல்தான். ஆனா, நான் இன்னும் சொல்லவேயில்லையே!"