பதினோரு நாள் கணக்கு

ராக்கெட் கதைன்னதும் டமார்னு வெடிக்கப்போகுதுன்னு காதைப் பொத்திக்கிட்டீங்களா? கையை எடுங்க. இதுல எதுவும் வெடிக்காது. வம்பே அதனாலதான்.

ராக்கெட் இன்ஜினுக்கு அடியில மணி மாதிரி விரிஞ்சிருக்குமே, நெருப்பு வெளிய வர்ற இடம், அதுக்குப் பேரு நாசில். அது தாங்குமான்னு முதல்ல கம்ப்யூட்டர்ல போட்டுப் பாப்பாங்க. அந்த ஆபீஸ்ல இதுக்கு ரெண்டு பேர். புதுசா வந்தவர் ஒரே நாள்ல கணக்கை முடிப்பாரு. பட்டப்பேரு மின்னல். இன்னொரு அம்மாவுக்குப் பதினோரு நாள் ஆகும். அவங்க பட்டப்பேரை நான் வேற சொல்லணுமா? ஆமைதான்.

"தாங்கும் சார்"ன்னாரு மின்னல்.

"கிழியும் சார்"ன்னாங்க ஆமை.

"அது எப்படிம்மா, அவருக்குத் தாங்கறது உங்களுக்கு மட்டும் கிழியுது?" மேனேஜர் கேட்டாரு.

"நெருப்புக் காத்து சுவரைத் தள்ளுது சார். அதோட அவர் கணக்கு முடிஞ்சுடுது. ஆனா சுவர் வளைஞ்சா காத்து போற வழி மாறும். வழி மாறினா வேற மாதிரி தள்ளும். சுவர் இன்னும் வளையும். நொடியை ஆயிரமா நறுக்கி, ஒவ்வொரு துண்டுலயும் காத்து, சுவர்னு ரெண்டு பேரையும் மாத்தி மாத்திக் கேக்கணும்."

"புருஷன் பொண்டாட்டி சண்டை மாதிரியா?"

"அதேதான் சார். அவரு புருஷன் திட்டினதை மட்டும் எழுதிக்கிட்டு வந்துட்டாரு. எந்த வீட்ல சார் பொண்டாட்டி பதில் பேசாம இருக்கா?"

மேனேஜர் சிரிக்கல. வீட்டு ஞாபகம் வந்துருச்சு போல.

"சோதனையில பாப்போம். கிழியலைன்னா நீங்க பைல் அடுக்கற ரூமுக்குப் போயிடுங்க. அங்க யாருக்கும் அவசரம் கிடையாது."

மூணு வாரம் கழிச்சு சோதனை. இன்ஜினைப் பத்த வெச்சாங்க. எல்லாரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தாங்க. நாசில் லேசா சிலிர்த்துச்சு. அவ்வளவுதான். கடைசிவரைக்கும் கல்லு மாதிரி நின்னுது.

ஒரே கைதட்டல். மேனேஜர் மின்னலோட முதுகைத் தட்டி, "இன்னையிலேருந்து உங்க வேலை நிரந்தரம்!"ன்னாரு. அப்புறம் திரும்பினாரு.

"என்னம்மா, பதினோரு நாள் உக்காந்து எங்களைப் பயமுறுத்தினீங்களே?"

"ஆமா சார், பயமுறுத்திட்டேன்." ஆமை சிரிச்சாங்க. "பைல் ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

மின்னல் குனிஞ்சு ஷூ கயிறு கட்டினாரு. ரொம்ப நேரமா கட்டினாரு.

டீ கிளாஸோட ஓரமா நின்ன வெல்டருக்குத்தான் பொறுக்கல.

"ஏம்மா, பேசாம போறீங்க? நாசிலைச் சுத்தி ஒரு வளையம் வைக்கலைன்னா இன்னிக்குக் கிழிஞ்சிருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அதை நான் வெல்டிங் பண்றப்போ கூடவே நின்னு பாத்தீங்க! கணக்கு தப்புன்னு தெரிஞ்சா புதுசா வந்தவருக்கு வேலை போயிடும், அவரே திருத்தின மாதிரி வரைபடத்தைக் கொடுக்கட்டும், மூச்சு விடாதீங்க அண்ணேன்னு என் வாயையும் அடைச்சுட்டு..."

"என்ன வளையம்?" மேனேஜர் முழிச்சாரு.

"நீங்க கையெழுத்துப் போட்ட வரைபடத்துலதான் சார் இருக்கு"ன்னாரு வெல்டர். "படிச்சுப் பாக்கலையா?"