கீறல் விழுந்த பக்கம்

டெம்பர் கிளாஸ் ஒட்டுவதற்கு முன் ஃபோனைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் பரசுராமன் கையை நிறுத்தினார்.

மேசை விளக்கைப் பக்கவாட்டில் இழுத்து, ஃபோனைச் சாய்த்துப் பார்த்தார்.

“இது யாரு ஃபோனும்மா?”

“எங்க வீட்டுக்காரருது,” என்றாள் வேதா. “அவரு தவறி ரெண்டு மாசம் ஆவுது. இனிமே பொண்ணு காலேஜுக்கு எடுத்துட்டுப் போவப் போறா. கிளாஸ் ஒட்டித்தான் வேணுமாம்.”

அவர் தலையை ஆட்டினார். கண் மட்டும் திரையை விட்டு வரவில்லை.

“கல்லு வேலையா?”

தன் கணவன் காசி கிரானைட் பதிக்கிறவன் என்று வேதா அந்தக் கடையில் சொன்னதே இல்லை.

“எப்படிண்ணா தெரியும்?”

“ஜோசியக்காரன் கையப் பாக்கறான், நான் கண்ணாடியப் பாக்கறேன். சாவியோட பாக்கெட்ல போடறவன், கொழந்தை கையில குடுத்துட்டுத் தூங்கறவன், எல்லாம் இதுலயே தெரிஞ்சிடும். வெறும் விரலு எத்தினி வருஷம் தேச்சாலும் இப்படி ஆவாது. கல்லு மாவு ஒட்டின விரலுதான் கண்ணாடியத் திங்கும்.”

வேதா குனிந்து பார்த்தாள். திரை முழுக்கத் தெளிவாக இருந்தது. கீழே இடப்பக்கத்தில் மட்டும், புளியங்கொட்டை அகலத்துக்கு, கீறல்கள் கற்றையாகக் கிடந்தன.

எத்தனை முறை சொல்லியும் காசி கிளாஸ் ஒட்டிக்கொண்டதில்லை. கண்ணாடி மேல எதுக்குக் கண்ணாடி, நீ சேலைக்கு மேல சேலை கட்டிக்கினு சந்தைக்குப் போறியா என்பான்.

“இங்க மட்டும் ஏண்ணா?”

பரசுராமனுக்கும் அது பிடிபடவில்லை. கொஞ்சம் யோசித்தவர், “உன் ஃபோன்லருந்து இதுக்கு ஒரு ரிங் விடும்மா, பாக்கலாம்” என்றார்.

அந்த எண்ணை அவள் கடைசியாக அழைத்தது, செங்கம் ரோட்டில் புது லாட்ஜுக்குத் தரை போட அவன் போயிருந்த நாளில்.

மதியம் மூன்று முறை அழைத்தாள். மூன்று முறையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. காலையில் சண்டை. கோபத்தில் வேண்டுமென்றே எடுக்காமல் இருக்கிறான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

நான்கு மணிக்கு யாருடைய ஃபோனிலிருந்தோ செய்தி வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

எடுக்கப் பார்த்தானா, எடுக்காமலே இருந்தானா? இரண்டு மாதமாக அடுப்பில் பால் பொங்கும்போதும் பஸ்ஸில் டிக்கெட் வாங்கும்போதும் அவளுக்கு இதே கேள்விதான்.

அழைத்தாள்.

மேசைமேல் ஃபோன் அதிர்ந்தது. திரையில் அவள் பெயர். அதற்குக் கீழே, இடப்பக்கம் எடுப்பதற்கான பச்சை வட்டம். வலப்பக்கம் துண்டிப்பதற்கான சிவப்பு வட்டம்.

கீறல் கற்றை பச்சை வட்டத்தின்மேல் அச்சாகப் பொருந்தியது.

“அட,” என்றார் பரசுராமன். “கல்லு அறுக்கறப்போ தண்ணி ஊத்திக்கினே இருப்பாங்கல்ல. ஈரக் கைய இது எடுத்துக்காதும்மா. மனுஷன் இழுத்து இழுத்துப் பாத்துருக்காரு. ஒரே இழுப்புல எடுத்திருந்தா இந்த மாதிரி குழி விழாது.”

காசியும் அதையேதான் சொல்லிவந்தான். வெரல எடுத்துக்க மாட்டேங்குது வேதா, நான் இன்னா பண்றது. பொய் சொல்லவும் உனக்கு ஒரு ஃபோன் தேவைப்படுது என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

பரசுராமன் தன் பூதக்கண்ணாடியை அவளிடம் நீட்டினார். “பழைய கீறல்ல கை அழுக்கு ஏறிக் கறுத்துடும். மேல வெள்ளையா இருக்குது பாரு, அதெல்லாம் கடைசியா விழுந்தது.”

வேதா பார்த்தாள். கறுத்த கோடுகளுக்கு மேலே வெள்ளைக் கோடுகள். எத்தனை என்று எண்ணப் பார்த்தாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்ததால் முடியவில்லை.

வெகுநேரம் பார்த்தாள். கடையில் வேறு யாரோ சார்ஜர் கேட்டு, வாங்கிக்கொண்டும் போய்விட்டார்கள்.

பிறகு பூதக்கண்ணாடியை வலப்பக்கம் நகர்த்தினாள். சிவப்பு வட்டம் இருந்த இடம் சுத்தமாக இருந்தது.

ஒரு கோட்டைத் தவிர. நீளமாக, ஒரே இழுப்பில்.

பரசுராமனும் அதைப் பார்த்துவிட்டார். “ஒரே ஒரு வாட்டி கட் பண்ணியிருக்காரு போல. ஏதோ கோவம், விடும்மா. பசை ஊத்தி ஒட்டினா இதெல்லாம் ரொம்பி மறைஞ்சிடும். புதுசு மாதிரி ஆயிடும்.”

வேதா அவர் முன்னாலிருந்த ஃபோனை எடுத்துக்கொண்டு, தன்னுடையதை அந்த இடத்தில் வைத்தாள்.

“இதுல ஒட்டுங்கண்ணா. பொண்ணுக்கு இதையே குடுத்துடறேன்.”

காசி அவள் அழைப்பைத் துண்டித்தது, அவளுக்குத் தெரிந்து, ஒரே ஒரு முறைதான்.

போன பங்குனிப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில், நிருதி லிங்கத்துக்கு எதிரே அவனைத் தேடி நின்றிருந்தாள். அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே துண்டித்தான்.

அவளுக்குக் கோபம் வருவதற்குள் பின்னாலிருந்து தோள்மேல் ஒரு கை விழுந்தது.

வேலையிலிருந்து கைகூடக் கழுவாமல் நேராக வந்திருந்தான். அவளுடைய புதுச் சேலையில், தோளில், சாம்பல் நிறத்தில் நான்கு விரல்கள் பதிந்திருந்தன.

வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே நடந்தாள். மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுத் தேய்த்து, ஒரு விரலின் தடம்கூட இல்லாமல் எடுத்துவிட்டாள்.