புயல்மாறனின் பெல்ட்

பல் டாக்டர் ஊசியைக் கையில் எடுத்ததுதான் தாமதம், நாற்காலியில் இருந்த வாய் பூட்டுப் போட்டதுபோல் மூடிக்கொண்டது.

“காமிக்ஸ்ல வர்ற புயல்மாறனுக்கு சக்தியெல்லாம் அந்த பெல்ட்லதானாமே?” என்று ஆரம்பித்தார் டாக்டர்.

“இல்ல, ரத்தத்துலயே இருக்கு!” பல்லைக் கடித்தபடியே பதில் வந்தது.

“அப்புறம் ஏன் மழை பேஞ்சா பறக்க முடியல? பெல்ட் நனைஞ்சிடுது. அதைக் கழட்டிட்டா அவனும் நம்மள மாதிரிதான்.”

“யாரு சொன்னா? ஏழாவது புக்ல பெல்ட் இல்லாமலே பாலத்தையே தூக்குவான் டாக்டர்!”

கத்துவதற்காக ஆவென்று திறந்த வாய்க்குள் ஊசி போய்வந்தது. வாக்குவாதம் ஓய்வதற்குள் கடைவாய்ப் பல்லும் தட்டில் விழுந்தது.

டாக்டர் கதவைத் திறந்தார். வெளியே பள்ளிக்கூடப் பையோடு காத்திருந்த சிறுமி ஓடிவந்தாள்.

“நான் சொன்ன மாதிரியே பெல்ட்டைப் பத்திப் பேசினீங்களா டாக்டர்? அழலையே எங்கப்பா?”