தப்பாகச் சொல்லிக்கொடுத்த பாடம்

என் மாமனாரை போனில் ஏமாற்றியவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது நான்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. போனது அத்தையின் முழங்கால் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம். சொல்வதற்கு நல்ல நேரமாகத் தெரியவில்லை.

மாமா வீட்டு மாடியில்தான் என் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. போன மாதம் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

“சார், ‘உங்க கார்டு இன்னிக்கே முடங்கிடும், நம்பரைச் சொல்லுங்க’ன்னு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?” என்றான் இருவரில் நெட்டையன்.

வகுப்பு முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

“ஏமாந்தது யாரு?” என்றார் ஏட்டு.

“இன்னும் யாரும் ஏமாறலை சார்.”

“ஏமாந்த ஆள் கிடைச்சதும் கூட்டிட்டு வாங்க.”

ஆயுதம் என்று என்னிடம் இருந்தது பாடம் ஒன்றுதான். எந்தத் தப்புகளைத் திருத்தித் திருத்தி என் தொண்டை கட்டியதோ, அவற்றையெல்லாம் அந்த இருவருக்கு மட்டும் சரியென்று சொல்லிக்கொடுத்தேன். ‘ஐ ஆம்’ வேண்டாம், ‘மைசெல்ஃப் பேங்க் மேனேஜர்’ என்று ஆரம்பி. ‘டிஸ்கஸ்’ போதாது, ‘டிஸ்கஸ் அபவுட்’. முடிக்கும்போது ‘ரிவர்ட் பேக்’. வாயைத் திறந்ததுமே எதிராளி உஷாராகி போனை வைத்துவிடுவான் என்பது என் கணக்கு. இருவரும் காலில் விழாத குறையாக நன்றி சொன்னார்கள்.

ஒன்றை மறந்துவிட்டேன். என் மத்தியானத் தூக்கம் கெடக்கூடாதென்று வகுப்புப் பெயர்ப்பலகையில் மாமாவின் நம்பரைப் போட்டிருந்தேன். அவர்கள் முதலில் கூப்பிட்டது அந்த நம்பரைத்தான்.

மாமா லேசுப்பட்ட ஆளில்லை. பேங்க்கிலேயே வேலை பார்த்து ரிட்டயரானவர். என் வகுப்பு நோட்டீஸிலேயே இரண்டு பிழை கண்டுபிடித்து வட்டம் போட்டவர்.

இந்த முறை ஏட்டு புகாரை வாங்கிக்கொண்டார். ஆள்தான் கிடைத்துவிட்டதே. மாமாவின் போனில் பதிவாகியிருந்த பேச்சைப் போட்டுக் கேட்டார். ‘மைசெல்ஃப்’ என்றதுமே நெட்டையன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட விடவில்லை, நல்ல மாணவன். அவன் விலாசத்தைக் கொடுத்தேன். என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று ஏட்டு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது மாமாவின் நடை தளர்ந்திருந்தது. மனுஷருக்கு நிதானம் தவறிவிட்டதோ என்று பயந்து பேச்சுக் கொடுத்தேன்.

“மாமா, அவன் பேசினது அத்தனையும் தப்பு இங்கிலீஷ். உங்களுக்குத் தெரியலையா?”

“முதல் வார்த்தையிலேயே தெரிஞ்சுது மாப்ளே.”

“அப்புறம் எப்படி நம்புனீங்க?”

“சரியாப் பேசியிருந்தா திருடன்னு அப்பவே போனை வச்சிருப்பேன். எங்க பேங்க்ல எந்த மேனேஜர் மாப்ளே தப்பில்லாமப் பேசினான்?”