வாசலைத் தாண்டிய கருங்காலி

"வர்றான் பாரு கருங்காலி! கத்துங்கப்பா!" என்று தொண்டை கிழியக் கூவினாள் டார்லா.

காகித ஆலை வாசலில் தகரப் பீப்பாய்க்குள் விறகு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிக் குளிர் காய்ந்த வேலைநிறுத்தக்காரர்கள் கோஷம் எழுதிய பலகைகளைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு ஓடினார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பனியில் வெண்டலின் பழைய பிக்கப் வண்டி ஊர்ந்து வந்தது.

"கம்பெனி நக்கி!"

"வெக்கமே இல்லையாடா உனக்கு?"

கிழட்டு ஹார்லன் ஒரு முட்டையை வீசினான். அது கதவில் பட்டு வழிந்தது. வெண்டல் யாரையும் பார்க்காமல் கேட்டுக்குள் போய்விட்டான். மாடி ஜன்னலில் மேனேஜர் காபிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

கர்ட்டுக்கு ரத்தம் கொதித்தது. அவன் பக்கத்து ஊர் ஆலைக்காரன். ஆதரவு தர அன்றைக்குத்தான் ஒரு பெட்டி டோனட்டோடு வந்திருந்தான்.

"யாரு அவன்? எதுக்கு உள்ள போறான்?"

"வெண்டல். என்னோட ஒரே மெஷின்ல நின்னவன்" என்றாள் டார்லா. அங்கே சங்கத் தலைவி அவள்தான். "சின்னப் பொண்ணு ஒண்ணு இருக்கு. ரத்தப் புற்று. வைத்தியம் பூரா கம்பெனி காப்பீட்டுலதான் ஓடுது. நாங்க வெளிய வந்த அன்னிக்கே எல்லாருக்கும் காப்பீட்டை வெட்டிட்டானுங்க. சங்கத்தை உதறிட்டு உள்ள வர்றவனுக்கு மட்டும் உண்டுன்னுட்டானுங்க."

கம்பெனிக்காரன் அப்படித்தான். எங்கே அமுக்கினால் வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"நீங்க நிக்கிறதே அந்தக் காப்பீட்டுக்காகத்தானே?" என்றான் கர்ட்.

"ஆமா. பாதிப் பணம் இனிமே நீங்களே கட்டுங்கன்னான்" என்றான் ஹார்லன். "எங்கப்பன் இதே வாசல்ல நின்னு வாங்கினது அது. இந்தத் தூசியைத் தின்னுதானே என் நெஞ்சு போச்சு? அப்ப வேலை வாங்குறவன்தான் வைத்தியமும் பாக்கணும்."

"அங்கதான் நாம ஏமாந்தோம் கிழவா" என்றாள் டார்லா. "வேலையையும் உசுரையும் ஒரே கயித்துல கட்டி, நுனியை முதலாளி கையில குடுத்துட்டோம். இப்ப இழுக்குறான். இதெல்லாம் அரசாங்கம் பாக்கணும்."

"அரசாங்கமா? அது என் தெருவுல பனியை அள்ளட்டும் முதல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். கர்ட் சிரிக்கவில்லை.

"யார் வீட்டுலதான் நோய் இல்ல? போன வருஷம் நாங்க ஸ்ட்ரைக்குல நின்னப்ப என் பொண்டாட்டி இன்சுலினைப் பாதி பாதியாப் போட்டுக்கிட்டா. நான் உள்ள போகல."

டார்லா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். "இதையே அவன் வெளிய வரும்போது சத்தமாச் சொல்லு."

ஹார்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேட்டதற்கு, புகை என்றான்.

ஷிப்டு முடிந்து வண்டி வெளியே வந்தது. கர்ட் பாய்ந்து குறுக்கே நின்றான். பானட்டில் ஓங்கி அறைந்தான்.

"டேய்! உன் பொண்ணு பொழைச்சு எந்திரிச்சு, என்னைக் காப்பாத்த யாரை வித்தேன்னு கேட்டா என்னடா சொல்லுவே?"

கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. வெண்டலின் முகம் வெளுத்தது. வண்டியை ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனான். ஜன்னலில் மேனேஜர் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

கர்ட்டுக்கு ஆத்திரம் தீரவில்லை. தன் காரில் ஏறி, இரும்புக் கம்பி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினான். தெருத் தெருவாகத் தேடினான். கடைசியில் தேவாலயத்தின் பின்பக்கம் அந்தப் பழைய பிக்கப் நின்றது. வேலைநிறுத்தக்காரர்களின் குடும்பங்களுக்குச் சோறு போடும் இடம் அது.

இங்கே வந்து தின்கிறானா, எவ்வளவு திமிர்! கம்பியை ஓங்கிக்கொண்டு போனவன் அப்படியே நின்றான்.

வண்டிக் கதவருகே ஒரு வாளியில் வெந்நீர் ஆவி பறந்தது. ஹார்லன் முட்டிபோட்டு, காய்ந்துபோன முட்டையைத் துணியால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"எத்தனை வாட்டி சொல்றது கிழவா? கண்ணாடியில எறி, பெயிண்ட்ல எறியாதேன்னு!" என்று டார்லா திட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வெண்டல் சூப்புக் கிண்ணத்தோடு நின்றான்.

டார்லா திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கம்பியைக் கீழ போடு தம்பி. காலையிலயே உன்கிட்ட சொல்லியிருக்கணும். ஆனா புதுசா வர்றவன்ல யாரு கம்பெனி ஆளுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன சொல்லணும்?"

"காப்பீட்டை வெட்டின அன்னிக்கு இங்கதான் கூட்டம் போட்டோம். இவன் உள்ள போகணுமா வேண்டாமான்னு கை தூக்கச் சொன்னேன். போகணும்னு அத்தனை பேரும் தூக்கினோம். இவன் ஒருத்தன்தான் தூக்கல. நாங்கதான் பிடிச்சுத் தள்ளினோம். சங்கம் அனுப்பின ஆளுன்னு மோப்பம் பிடிச்சா அப்பவே வெளிய தள்ளிடுவானுங்க. அதான் தினமும் இந்தக் கூத்து."

கம்பி பனியில் விழுந்தது.

"நான்... உன் பொண்ணைச் சொல்லி..." என்று இழுத்தான் கர்ட்.

வெண்டல் தன் சூப்புக் கிண்ணத்தை அவன் கையில் வைத்து அழுத்தினான்.

"இவங்க யாருக்கும் என்னைத் திட்டவே வரமாட்டேங்குது, மேனேஜர் இன்னிக்குத்தான் நம்பினான். நாளைக்கும் வருவியா?"