கதை எண் 31

தோசைக்கல்லில் மாவை ஊற்றியபடி அவள் தன் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் நாத்தனார் ஹேமா கைப்பேசியைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். மாமியாருக்குச் சின்ன எழுத்து தெரியாது. கணவன் தட்டைப் பார்த்தபடி கேட்பான்.

எழுதியது யார் என்று மூவருக்கும் தெரியாது.

இணையதளம் ஒன்றின் காதல் நாவல் போட்டி. எழுதுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கடைசி அத்தியாயத்தோடுதான் பெயர் வெளிவரும். அதற்குமுன் யாரிடமாவது சொன்னால் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அவள் கதை எண் 31.

மூன்று மாதம். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு முத்தக் காட்சியை எழுதிவிடுவாள். மொட்டைமாடியில் ஈரப் போர்வைகளுக்கு நடுவே நின்று, நாயகன் பேச வேண்டியதைக் கைப்பேசியில் மெல்லச் சொல்லிப் பதிவு செய்வாள். "உன்னை யாராவது அழவைத்தால் சும்மா இருக்கமாட்டேன்." பக்கத்து மாடிக்காரி ஒருமுறை எட்டிப் பார்த்தாள். எதிரே யாரும் இல்லை. கணவனின் சட்டைதான் சொட்டிக்கொண்டிருந்தது.

நேற்று வெளியான அத்தியாயத்துக்கு வந்துவிட்டாள் ஹேமா.

புதுமனை விழா. நாயகி மிருதுளா வடை சுடுகிறாள். மருத்துவமனையிலிருந்து அழைப்பு. அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது. மாமியார் சொல்கிறாள், "பந்தி முடியட்டும். அப்புறம் போ."

"அடிப்பாவி!" கூடத்தில் மாமியாரின் குரல் உடைந்தது. "பெத்தவ கெடக்கிறா. இவளுக்குப் பந்தி கேக்குதா? இவள்லாம் ஒரு பொம்பளையா?"

"கீழ எழுதட்டுமாம்மா? நாசமாப் போவான்னு?"

"எழுது. எங்கம்மா சொன்னாங்கன்னு எழுது."

உப்பு ஜாடிக்குப் பின்னால் அவளுடைய கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது.

நான்கு வருடத்துக்கு முன், ஹேமாவின் வளைகாப்பு. அதைப் புதுமனை விழாவாக்கினாள். வாழைக்காய் பஜ்ஜியை வடையாக்கினாள். மாமியார் சொன்ன நான்கு சொற்களை மட்டும் அப்படியே வைத்தாள்.

பந்தி முடிந்துதான் போனாள். இரண்டு பேருந்து மாறி.

அம்மாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

கூடத்தில் இப்போது மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். நிஜமான கண்ணீர். அதுதான் பொறுக்கவில்லை. இத்தனை கண்ணீர் இந்த வீட்டில் இருந்திருக்கிறது. அன்று ஒரு சொட்டு கிடைக்கவில்லை. மிருதுளாவுக்கு மட்டும் கொட்டுகிறது.

ஹேமா மேலே படித்தாள். நாயகன் விஷ்வா அடுக்களைக்குள் வருகிறான். மிருதுளாவின் கையிலிருந்து கரண்டியை வாங்கி வைக்கிறான். அடுப்பை அணைக்கிறான். "வா, போகலாம்" என்கிறான்.

அன்று கணவன் சொன்னது வேறு. "அம்மா சொல்றாங்கல்ல."

"ஆம்பளைன்னா இவன்தாம்மா," என்றாள் ஹேமா. "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே."

"இதுல என்ன பெரிசா இருக்கு?" என்றான் கணவன். "நானா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பேன்."

அவள் திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். விளையாட்டு இல்லை. பொய்யும் இல்லை. அவன் அதை நம்பினான்.

"இன்னொண்ணு முறுகலா," என்றான்.

கல்லில் இருந்தது கருகியிருந்தது. அதையே கொண்டுபோய் வைத்தாள்.

"கவனம் எங்க இருக்கு உனக்கு?" என்றார் மாமியார், கண்ணைத் துடைத்தபடி.

பதினொன்றரைக்குத் துணி வாளியோடு மாடி ஏறினாள். பன்னிரண்டுக்குள் கடைசி அத்தியாயத்தை அனுப்ப வேண்டும். எழுதி முடித்துப் பல நாளாகிவிட்டது. மிருதுளாவின் மாமியார் அழுகிறாள். மிருதுளா மன்னிக்கிறாள். வாசகிகள் அப்படித்தான் கேட்டிருந்தார்கள்.

அதை அவள் தொடவில்லை. மிருதுளா மன்னித்துக்கொள்ளட்டும்.

அதற்குக் கீழே இரண்டு கட்டங்கள். எழுத்தாளர் பெயர். சமர்ப்பணம்.

இரண்டையும் முன்பே நிரப்பியிருந்தாள். மழையும் நிலவும் சேர்ந்த ஒரு புனைபெயர். 'என் அன்புக் கணவருக்கும், புகுந்த வீட்டுக்கும்.'

எந்தக் கை இதை எழுதியது?

அழித்தாள். தன் சொந்தப் பெயரை எழுதினாள். சமர்ப்பணத்தில் இரண்டு வரி. அனுப்பினாள்.

பிறகு வாளியிலிருந்து கணவனின் சட்டையை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அதனிடம் சொல்ல இன்று ஒன்றும் இல்லை.

ஒரு மணிக்கு மூவரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அவள் குழம்பை இறக்கும்போது ஹேமாவின் கைப்பேசி ஒலித்தது.

"அம்மா, முடிஞ்சுருச்சு! எழுதுனது யாருன்னு போட்டுட்டாங்க." சிரித்தாள். "நம்ம அண்ணி பேருதாம்மா இவளுக்கும்!"

"பேரு யாருக்கு வேணா இருக்கும். நீ படி."

"இரும்மா, சமர்ப்பணம்னு ஏதோ இருக்கு." ஹேமா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "என் அம்மா ராஜாமணிக்கு."

நிறுத்தினாள்.

அடுத்த வரியைப் படித்தபோது குரல் பாதியாகியிருந்தது.

"இந்தக் கதையில் நாயகன் மட்டும் கற்பனை."

அதற்குமேல் ஹேமா படிக்கவில்லை. படி என்று யாரும் சொல்லவும் இல்லை.

அடுக்களையில் அவள் அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். உடையாத அப்பளமாகப் பார்த்து ஒன்றை வைத்துக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

கூடத்தில் மூன்று தட்டுகள் காலியாக இருந்தன.

முதல் கவளம் கையைச் சுட்டது. ஊதி ஊதிச் சாப்பிட்டாள்.